இரட்டை இறக்கை விமான மாடலில் மேல் இறக்கை கோணாமலும் கம்பிகள் தொய்யாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது: கும்பகோணத்தில், ஐப்பசி மழையில், டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின் 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட் கட்டியிருக்கிறீர்கள். மேல் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இறக்கைகளுக்கு நடுவே ஓடும் கம்பிகளை நைலான் இழையில் போட்டீர்கள், அவை பத்தே நாளில் தொய்ந்துவிட்டன. கடைசியாக அடித்த மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் வெள்ளை பூத்துவிட்டது.

முதல் சிக்கல் வேலை வரிசையில் வந்தது. மற்ற இரண்டும் ஈரக்காற்றால் வந்தவை. மூன்றையுமே சரிசெய்யலாம், கிட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வரிசையை முதலில் பார்ப்போம். ஒற்றை இறக்கை விமானத்தை முழுதாக ஒட்டிவிட்டுப் பிறகு பெயிண்ட் அடிக்கலாம். இரட்டை இறக்கையில் அப்படிச் செய்தால் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே பிரஷ்ஷும் போகாது, ஏர்பிரஷ்ஷும் போகாது. அதனால் உடல், கீழ் இறக்கை, வால் மூன்றும் ஒரு துண்டு, மேல் இறக்கை தனித் துண்டு, இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தாங்குகால்களான ஸ்ட்ரட்கள், பாகங்கள் ஒட்டி வரும் அச்சுச் சட்டத்திலேயே இருக்கட்டும். துளை போடுவது, பெயிண்ட், பளபளப்பு வார்னிஷ், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் இந்த நிலையிலேயே முடிந்துவிட வேண்டும். மேல் இறக்கை ஏறிய பிறகு மிச்சம் இருக்க வேண்டியவை கம்பி, சக்கரம், கண்ணாடி, சின்னச் சின்ன டச்சப் மட்டுமே.

பெட்டியைத் திறந்ததும் இறக்கைகளைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். மெல்லிய இறக்கை அச்சிலிருந்து வரும்போதே முறுக்கிக்கொண்டிருப்பது சகஜம். கை பொறுக்காத சூட்டில், 60 முதல் 70 டிகிரி தண்ணீரில், அரை நிமிடம் முக்கி, எதிர்ப்பக்கம் லேசாக வளைத்துப் பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே தன் வடிவத்தை விட்டுவிடும், பிறகு மீட்க முடியாது. பிசிறுகளை 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். துணி போர்த்திய இறக்கை என்பதால் விலா எலும்பு வரிகள் தெரியத்தான் வேண்டும், ஆனால் பல கிட்டுகளில் அவை மிகையாகப் புடைத்திருக்கும். நிஜ விமானத்தில் டோப் என்ற இறுக்கும் பூச்சு பூசிய துணி மத்தளம் போல இறுகி நிற்கும். அதனால் அந்த வரிகளையும் கொஞ்சம் தேய்த்துவிடுவதே நல்லது.

கம்பிக்கான துளைகளை இப்போதே போடுங்கள். 0.3 மி.மீ. பிட், கையால் திருகும் துளைப்பான். மேல் இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழமே போதும், மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடக் கூடாது. கீழ் இறக்கையில் முழுக்கத் துளைத்துவிடலாம். எங்கெங்கே என்பதற்குக் கிட்டின் கம்பி வரைபடத்தைப் பாருங்கள். ஊசி முனையால் முதலில் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது.

மஞ்சள் பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி விமான மஞ்சளுக்கு மூடும் திறன் மிகக் குறைவு. சாம்பல் பிளாஸ்டிக் மேல் நேரடியாக அடித்தால் பச்சை ஓடும். அடிப்பூச்சாக வெள்ளை பிரைமர் போட்டு, அதன் மேல் மெல்லிதாக மூன்று நான்கு கோட். இளஞ்சிவப்பு பிரைமர் இன்னும் நல்லது, மஞ்சள் கனிந்து வரும். ஸ்ட்ரட் உட்காரும் குழிகளில் பல்குச்சி முனையைச் செருகி வைத்துவிட்டு அடியுங்கள். பெயிண்ட் மேல் சிமெண்ட் (பிளாஸ்டிக் மாடல் பசை) பிடிக்காது. பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பதுதான் அதன் வேலை, நடுவில் பெயிண்ட் இருந்தால் பெயிண்ட் மட்டுமே ஒட்டும். சில நாளில் ஸ்ட்ரட் கழன்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்போது வெள்ளை பூத்த வார்னிஷ். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனி போலத் தண்ணீர் படிந்து, காயாத படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க இந்த ஆபத்து உண்டு. மார்கழி, தை விடியற்காலைப் பனியும் இதே வேலையைச் செய்யும். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று மேசையில் இருக்கட்டும். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லாக்கர் (வேகமாக ஆவியாகும் தின்னரில் கரைந்த பூச்சு) அடிக்காதீர்கள். மழை விட்ட நாளில் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை பெரும்பாலும் தோதான நேரம். கம்ப்ரஸர் இருந்தால் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் ஈரப்பொறி கட்டாயம் வேண்டும், டேங்கில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பி மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பூத்ததை மீட்க, மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை, உங்கள் வார்னிஷ் லாக்கர் வகை என்றால் மட்டும், வறண்ட நாளில் தூறலாக அடியுங்கள். படலம் திரும்ப நெகிழ்ந்து, மாட்டிய ஈரம் வெளியேறி, வெள்ளை மறையும். மறையாவிட்டால் அது ஈரத்தால் வந்ததல்ல, மேட் வார்னிஷின் அடியில் படிந்திருந்த தூள் சரியாகக் கலக்காததால் வந்தது. அதன் மேல் ஒரு பளபளப்பு கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு பாட்டிலை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி மறுபடி மேட் அடிக்கலாம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் இப்படி வெள்ளை பூப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தில் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது, டேப் ஒட்டுவதற்கு முன் முழுதாக ஒரு நாள் விடுங்கள். கடைத் தெருவில் கிடைக்கும் என்.சி. தின்னரை மாடல் பக்கமே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

தை மாதம் வயல் ஓரத்து வீடாக இருந்தால் இன்னொரு தொல்லை. அறுவடை மெஷின் ஓடும் நாட்களில் வைக்கோல் தூசும் பதரும் ஜன்னலைத் தேடி வரும். ஈரப் பெயிண்ட் மேல் உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள்.

டெக்காலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பு அதிகம், காய்ந்ததும் டெக்காலைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் பல கிட்டுகளுக்கு வரும். பளபளப்பு வார்னிஷ் மேல்தான் ஒட்ட வேண்டும். மேட் பரப்பின் சொரசொரப்பில் காற்று மாட்டினால் டெக்கால் வெள்ளி போல மின்னும்.

சரி, மேல் இறக்கை. டைகர் மாத்தில் இது கொஞ்சம் தந்திரமான இடம். முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வழி வேண்டும் என்பதற்காக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அப்படித் தள்ளியதில் கெட்ட சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஆகவே மேலிருந்து பார்க்கும்போது இறக்கை நேர்கோடாக இருக்காது, இருக்கவும் கூடாது. நேராக்குகிறேன் என்று யாரும் வளைத்துவிட வேண்டாம்.

பிளக்ஸ் அச்சடிக்கும் கடையில் 5 மி.மீ. சன்போர்டு (பிளாஸ்டிக் நுரைப் பலகை) துண்டு கேட்டு வாங்குங்கள். கிட்டின் பக்கவாட்டுப் படத்தை 1/72 அளவுக்குச் சரிசெய்து, இரண்டு இறக்கைகளுக்கும் இடையே உள்ள உயரத்தையும், மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளி நிற்கும் தூரத்தையும் அதில் குறித்து, ஒரே மாதிரி இரண்டு தாங்கிகள் வெட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிறகு மேல் இறக்கையைக் கண்ணாடி மேல் மல்லாத்தி வையுங்கள். அதன் குழிகளில் ஸ்ட்ரட்களை மெதுவாகக் காயும் சிமெண்டால் நிறுத்துங்கள். நீர் போல ஓடும் எக்ஸ்ட்ரா தின் வகை இங்கே ஆகாது, சரிசெய்ய நேரம் தராமல் பிடித்துவிடும். ஐந்து நிமிடத்தில் சிமெண்ட் மெழுகு போல ஆகும்போது, தாங்கிகளை இடையில் வைத்து, உடலும் கீழ் இறக்கையும் சேர்ந்த துண்டைத் தலைகீழாக அதன் மேல் இறக்குங்கள்.

இனி அளவு. தையல் நூல் ஒன்றை வால் முனையில் பிடித்து இடது மேல் இறக்கை நுனி வரை இழுத்து, நகத்தால் இடம் பிடித்துக்கொண்டு, அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோங்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இறக்கை திரும்பியிருக்கிறது. அடுத்து முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மேல் இறக்கையும் வால் தட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். இடது ஸ்ட்ரட்டும் வலது ஸ்ட்ரட்டும் ஒரே சாய்வு. திருத்துவதற்கு உங்களுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சரியானதும் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சாய்ந்து ஒட்டியதைப் பிரிக்க, மூட்டுகளில் எக்ஸ்ட்ரா தின் சிமெண்டைத் துளித்துளியாக இரண்டு மூன்று முறை விட்டுக் காத்திருந்தால் இளகும். பிளேடு வைத்து நெம்பினால் ஸ்ட்ரட் முறியும்.

கம்பி விஷயத்தில் உங்கள் கை மேல் தவறில்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். சித்திரையில் விண்ணென்று நின்ற இழை ஐப்பசியில் தொய்வது அதனால்தான். தூண்டில் கடைத் தங்கூசிக்கும் தையல் கடை இன்விசிபிள் நூலுக்கும் இதே குணம். டெல்டாவில் 1/72 மாடலுக்கு ஈரம் பாதிக்காத இரண்டு வழிகளையே நான் சொல்வேன்.

ஒன்று, ரிக்கிங்குக்கென்றே, அதாவது மாடலில் கம்பி கட்டுவதற்கென்றே, விற்கும் எலாஸ்டிக் இழை. எந்தப் பருவத்திலும் தானே இறுகி நிற்கும். மேல் இறக்கைத் துளைகளில் இழை நுனிகளை இறக்கை ஏறுவதற்கு முன்பே சூப்பர் க்ளூவால் பதித்துவிடுங்கள். ஏறிய பிறகு கீழ் இறக்கைத் துளை வழியே கோத்து, கொஞ்சமாக மட்டும் இழுத்து, துளையில் ஒரு துளி க்ளூ வைத்துக் காய்ந்ததும் நறுக்கி, பட்டி வைத்துத் தேய்த்து டச்சப். ஃபெவிக்விக் என்றால் மருந்து அட்டையின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டு, காதை மேல்பக்கம் வெட்டிக் கவட்டையாக்கிய தையல் ஊசியால் தொட்டு வையுங்கள். டியூபிலிருந்து நேராக விட்டால் இறக்கையில் வழியும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒரு பக்கத்தை முழுக்க முடித்தால் இறக்கை அந்தப் பக்கம் இழுபடும்.

இரண்டாவது வழிக்குக் காசே ஆகாது. அச்சுச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றிக்கொண்டே பிடியுங்கள். நடுப்பகுதி மினுங்கித் துவளும் நேரத்தில் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் இழுங்கள். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் தடிமன். 0.1 மி.மீ. இழை 1/72-இல் 7 மி.மீ. கம்பிக்குச் சமம், அதற்கு மேல் தடிக்கக் கூடாது. கவராயத்தால் தூரம் அளந்து, வெட்டி, இரு முனையிலும் ஃபெவிகால் தொட்டு வைத்தால் போதும், துளைகூட வேண்டாம். காய்ந்த பிறகு எங்காவது தொய்வு தெரிந்தால் ஊதுபத்தி கொளுத்துங்கள். சாம்பலைத் தட்டிவிட்டு, கனலும் நுனியை இழையின் நடுவே ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டினால், தொய்ந்த இழை மெல்ல மேலேறி நேராவது கண்ணுக்கே தெரியும். இழுத்தபோது நீண்டு உறைந்த பிளாஸ்டிக் சூடு பட்டதும் பழையபடி சுருங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். நேரானதும் ஊதுபத்தியை உடனே விலக்குங்கள், இன்னொரு நொடி நின்றால் அறுந்துவிடும். எலாஸ்டிக்கில் இதைச் செய்யக் கூடாது.

காற்றுத் தடுப்புக் கண்ணாடியைக் கடைசியில், ஃபெவிகாலால் மட்டும் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடி மேல் வெள்ளைப் புகையாகப் படியும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் அதிகமாகவே.

அடுத்த கிட் எது என்றும் கேட்டிருந்தீர்கள். கம்பி மேல் வெறுப்பு வந்திருந்தால் முதல் உலகப் போர் விமானமான ஃபாக்கர் டி.7. அதன் இறக்கைகள் தடித்தவை, உள்ளே இருக்கும் சட்டமே பாரத்தைத் தாங்கும், இறக்கைகளுக்கு நடுவே கம்பியே கிடையாது. சாப்வித் கேமல் எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேல் இறக்கை தட்டை, கீழ் இறக்கை மட்டும் நுனி உயர்ந்தது. நுனியை நோக்கி இடைவெளி குறுகுவது பிழையல்ல. எஸ்.இ.5ஏ நமக்கு நெருக்கமான விமானம். முதல் உலகப் போரின் இந்தியப் போர் விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலையில் வான்போரில் 10 வெற்றிகள் பெற்றது இதில்தான். ஒரு பக்கத்துக்கு ஒரே ஜோடி ஸ்ட்ரட் என்பதால் உங்கள் டைகர் மாத்துக்குப் பிறகு இதுவே என் பரிந்துரை. 1933 ஏப்ரல் 1 அன்று நான்கே நான்கு வெஸ்ட்லண்ட் வாப்பிட்டிகளோடு இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. அந்த வாப்பிட்டியைக் கட்ட ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதில் பக்கத்துக்கு இரண்டு ஜோடி ஸ்ட்ரட், கம்பிகளும் அதற்கேற்ப. எஸ்.இ.5ஏ முடித்த பிறகு அதை எடுங்கள்.