ஆர்க்டிக் செடிகளை ஆராய முகவருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் மதுரையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். ஆர்க்டிக் தாவரங்களைக் களத்தில் ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. ஸ்வால்பார்டு தீவுகளுக்கு விசாவே தேவையில்லை என்றும், நான்கு லட்சம் ரூபாய் கட்டினால் ஆராய்ச்சிப் பயணமும் சான்றிதழும் கிடைக்கும் என்றும் ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: முன்பணமாகக்கூட ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நார்வேக்கு உரிய அத்தீவுகளில், நீ-ஓலசுண்டு என்னும் இடத்தில், 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் ஆய்வுத் திட்டங்களைக் கேட்டுப் பெற்று, பரிசீலித்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே அங்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தை விற்கும் உரிமை எந்த முகவருக்கும் இல்லை. அவர் காட்டப்போவது சுற்றுலா. அவர் தரும் சான்றிதழை எந்த ஆய்வுக் குழுவும் பொருட்படுத்தாது.

விசாவைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை என்பதால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்வால்பார்டில் இறங்குவதற்கு விசா கேட்பதில்லை என்பது சரிதான். ஆனால் வழக்கமான விமானங்கள் நார்வேயின் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகவே செல்கின்றன. அவ்வூர்கள், பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவில் அனுமதிக்கும் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கின்றன, ஸ்வால்பார்டோ அதற்கு வெளியே இருக்கிறது. போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது மறுமுறையும் அந்த எல்லைக்குள் நுழைய வேண்டியிருப்பதால், குறைந்தது இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா கட்டாயம் வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவை வாங்கிக் கொடுத்துவிட்டு முகவர் ஒதுங்கிக்கொள்வார். திரும்பும் வழியில் தவிக்கப்போவது உங்கள் மகள்.

சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே செடிகளைச் சேகரிக்கவும் முடியாது. ஒரு பூவைப் பறிப்பதையும் 2001-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்நிலத்தின் துருவ வில்லோ என்னும் குறுஞ்செடி சில சென்டிமீட்டர் உயரமே வளரும். மிதிபட்ட இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

நேர்வழி ஒன்றுதான்: பேராசிரியர் ஒருவர் எழுதும் ஆய்வுத் திட்டத்தில் உங்கள் மகளும் இணைய வேண்டும். அழைப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே கடைசித் தேதி கடந்துவிடுகிறது; என் மாணவர் ஒருவர் இப்படித்தான் ஒரு பருவத்தையே இழந்தார். அங்கே செடிகள் பூத்துக் காய்ப்பதெல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில் முடிந்துவிடும். நம் அலுவலகங்களுக்கு இது எப்போது உறைக்குமோ தெரியவில்லை.

அதுவரை அவள் கற்க வேண்டியது உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலேயே இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, அதிலுள்ள தும்பையும் நெருஞ்சியும் எந்த நாளில் மொட்டு விட்டன, பூத்தன, விதை உதிர்த்தன என்று வாரந்தோறும் எழுதட்டும். 1990 முதல் ஆர்க்டிக் நாடுகளில் நடந்துவரும் கூட்டாய்வில், மேற்புறம் திறந்த, ஒளி ஊடுருவும் கூடுகளால் செடிகளைச் சுற்றி வெப்பத்தை ஓரிரு டிகிரி உயர்த்தி, இதே பதிவைத்தான் செய்கிறார்கள். ஓராண்டுக் குறிப்பேட்டை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.