பொம்மையை ஆட்டுவது யார்?

வணக்கம் ஐயா,

நான் குத்தாலத்தில் விவசாயம் பார்ப்பவன். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, சென்னையில் அனிமேஷன் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பழைய புராணப் படங்களில் ஒரு தந்திரக் காட்சிக்கே எத்தனையோ பேர் உழைத்தார்கள். இன்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. அப்படியிருக்க, இதைக் கலை என்று எப்படிச் சொல்வது? இதை நம்பி மகளை அனுப்பலாமா?

வாசகர், குத்தாலம்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகளின் பக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்துப் பொம்மலாட்டத்தைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பொம்மையின் நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைச் சும்மாடு போலத் தலையில் வைத்துக்கொள்கிறார் ஆட்டுபவர். பொம்மையின் கைகளுக்குத் தனியே கம்பிகள் உண்டு. பெரிய பொம்மை நாலரை அடி உயரம், பத்து கிலோ எடைகூட இருக்கும். அவர் தலை சாய்ந்தால்தான் அது சாயும்.

கம்ப்யூட்டர் அனிமேஷனும் இந்த வேலைதான். முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'. அதில் வரும் உட்டி என்ற பொம்மையை அசைக்க, பொம்மலாட்ட நூல்களைப் போல, கம்ப்யூட்டருக்குள் 723 இயக்கப் பிடிகள் வைத்தார்கள். முகத்துக்கு மட்டும் 212. எந்தப் புருவம் எப்போது, எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்தார். நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். முக்கியமான நிலைகளை அனிமேட்டர் அமைக்க, இடைப்பட்டவற்றைக் கம்ப்யூட்டர் நிரப்பும். நிரப்பியதை அப்படியே விட்டால் உருவம் எடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு ஒவ்வொரு பிரேமாகத் திருத்தி அதற்குப் பாரம் ஏற்ற வேண்டும். அந்தப் படத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வருவார்கள். பாதங்கள் ஒரே தட்டில் ஒட்டியிருக்கும். அப்படி ஒருவன் எப்படி நடப்பான் என்று தெரிந்துகொள்ள, காலணிகளைப் பலகையில் ஆணியடித்து, அவற்றை மாட்டிக்கொண்டு அனிமேட்டர்களே நடந்து பார்த்தார்கள். இதை எந்த இயந்திரமும் செய்யாது.

ஒளியையும் நிழலையும் கணக்கிட்டுப் படமாக்குவது இயந்திரத்தின் வேலை. அப்போது ஒரு பிரேமுக்கே 45 நிமிடம் முதல் 30 மணி நேரம் வரை பிடித்தது. அது செய்யட்டும்.

1993இல் 'ஜுராசிக் பார்க்' எடுத்தபோது, பொம்மைகளைக் கையால் நகர்த்திப் படம்பிடிப்பதில் வல்லவரான ஃபில் டிப்பெட், கம்ப்யூட்டர் டைனோசரைப் பார்த்ததும் தன் தொழில் அழிந்தது என்றே நினைத்தார். ஆனால் படக்குழு அவரை விடவில்லை. மூட்டுகளில் உணர்கருவி பொருத்திய டைனோசர் எலும்புக்கூடு ஒன்றைச் செய்து, அவருடைய ஆட்கள் கையால் அசைக்க, கம்ப்யூட்டர் அதைப் பதிந்துகொண்டது. விலங்கு எப்படிக் காலூன்றும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தாம்.

நம்மிடமும் 2014இல் 'கோச்சடையான்' வந்தது. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்தே எடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கண்களில் உயிர் போதவில்லை என்பது என் எண்ணம்.

கலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கூலியைப் பற்றித்தான் கவலை. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது. உலகமே வியந்த புலியைச் செய்தவர்கள் வேலையிழந்து நின்றார்கள். இதைப் பற்றி உங்கள் மகளிடம் ஒளிக்காமல் பேசுங்கள்.

படிப்பு தொடங்கும் முன்பே அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பவர்களைப் பார்த்து வரையட்டும். கழுத்து எங்கே இறுகுகிறது, சேற்றிலிருந்து கால் எடுக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கட்டும். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாடம் இது.

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், பழைய மாணவர்கள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். ஓவியமும் உடல் அசைவும் கற்றுத்தருகிறார்களா என்று கேளுங்கள். மென்பொருள் மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.