டிஸ்க் செருகினால் போதுமா?

தக்கலை வாசகி: நாகர்கோவிலில் பழைய லேப்டாப்பும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினேன். லினக்ஸ் போட்டு, டிஸ்க்கையும் சேர்த்துத் தந்தார்கள். டிஸ்க் செருகியிருந்தால் நன்றாக ஓடுகிறது. செருகாவிட்டால் ஒன்றரை நிமிடம் நின்று, கறுப்புத் திரையில் ‘எமர்ஜென்சி மோட்’ வருகிறது. மதர்போர்டு மாற்ற 4,500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும், அதாவது எந்த ஃபோல்டரில் இணைத்துத் திறக்க வேண்டும் என்று ‘எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில் எழுதியிருக்கும். உங்கள் டிஸ்க்கை அதில் எழுதியவர் ‘நோஃபெயில்’ (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் தொடரு) என்ற சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறார். அதனால்தான் இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கிறது. எழுதியவர்களே இலவசமாகத் திருத்தித் தரட்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மார்த்தாண்டம், ஸ்டுடியோக்காரர்: ராத்திரிதோறும் பேக்கப் தானாக ஓடியது. ஆடிக்குப் பிறகு எடுத்த கல்யாணப் படம் எதுவும் வெளி டிஸ்க்கில் இல்லை. உள் டிஸ்க்கோ நிறைந்துவிட்டது. விற்றவர் மேல் புகார் தரலாமா?

பதில்: முடியாது, அவர் மேல் தப்பில்லை. பேக்கப் விஷயத்தில் எல்லாரும் ஃபோல்டரின் பெயரை நம்புகிறார்கள், எனக்கு ஆறாத வருத்தம் இது. டிஸ்க் மவுண்ட் ஆகாதபோதும் அந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும். அதில் போட்டதெல்லாம் உள் டிஸ்க்கில் விழும். எது மவுண்ட் ஆகியிருக்கிறது என்ற கணக்கை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் நினைவகத்தில் வைத்திருக்கிறது. முன்பு மவுண்ட் கட்டளையே ‘எம்டேப்’ என்ற கோப்பில் எழுதிவந்தது, அது சிலசமயம் நிஜத்தோடு ஒத்துப்போகாது. இப்போது பெரும்பாலான லினக்ஸில் எம்டேப், கெர்னலின் பட்டியலைக் காட்டும் இணைப்பு மட்டுமே. பேக்கப் தொடங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

படங்கள் அழிந்திருக்காது. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். மேலே டிஸ்க் மவுண்ட் ஆனால் அடியில் இருப்பது மறைந்துதான் நிற்கும்.

வடசேரி பக்கம் நான் 350 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கினேன். டிஸ்க்குக்கு வேண்டிய கரண்ட்டை அது தரவில்லை. எழுதும்போதே டிஸ்க் அறுந்துபோய், லினக்ஸ் வைத்த பெயர் ‘எஸ்டிபி’ ஆக இருந்தது ‘எஸ்டிசி’ ஆகத் திரும்பி வந்தது. இரண்டு நாள் வேலை போயிற்று. எஃப்எஸ்டேப்பில் இந்தப் பெயர்களை எழுதாதீர்கள், மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணை எழுதுங்கள்.

குழித்துறை: 64 ஜிபி பென் டிரைவில் 6 ஜிபி வீடியோ ஏறவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மட்டில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பதை முதலில் எடுத்துவிட்டு.

கருங்கல்: காப்பி முடிந்ததும் உருவினேன், ஃபைல் காலி. கம்பெனி பொறுப்பா?

பதில்: இல்லை. காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் எழுதி முடிந்திருக்காது. எஜெக்ட் கொடுத்தீர்களா என்று எத்தனை முறை கேட்பது?

குளச்சல்: 2 டிபி பென் டிரைவ் 599 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். கணினியும் 2 டிபி என்றே காட்டியது. பாதிப் படங்கள் திறக்கவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். டிரைவ் சொல்லும் அளவைத்தான் கணினி காட்டும், அந்தப் பொய்யை உள்ளேயே எழுதி விற்கிறார்கள். லினக்ஸில் ‘எஃப்3’ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள், உண்மை அளவு தெரியும். அந்தத் திரையைப் படமெடுத்து, ஆர்டர் ரசீதோடு இன்றைக்கே பணம் திரும்பக் கேளுங்கள்.