லீவை மாற்றாதீர்கள், மீனை மாற்றுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் நான்கு பேர், சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை. ஊர் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்ததோடு எங்கள் மீன்பிடி அனுபவம் முடிந்தது. அலாஸ்காவில் பிரிஸ்டல் பே பக்கம் போய், ரோடே இல்லாத ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, ஒரு வாரம் சிவப்பு சால்மன் பிடிக்க ஆசை. எல்லோருக்கும் லீவு ஒத்துவருவது ஆகஸ்ட் மூன்றாவது வாரம் மட்டும்தான். கைடு இல்லாமல் போகலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: லீவிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதில்தான் சிக்கல். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் போனால் சிவப்பு சால்மனைப் பார்க்கலாம், சாப்பிட முடியாது. பிரிஸ்டல் பேயில் அந்த மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறுவது ஜூன் கடைசியில் தொடங்கி, ஜூலை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், அந்த மாதம் முடிவதற்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். 2022-இல் ஏறக்குறைய 7 கோடியே 90 லட்சம் மீன்கள் வந்தன, கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் அதிகம். அதிலும் பெரும்பங்கு சில வாரங்களுக்குள் வந்து முடிந்துவிட்டது. ஆற்றில் ஏறிவிட்டால் அது இரை எடுக்காது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டே மேலே போகும், தோல் சிவக்கும், தலை பச்சையாகும், ஆணுக்கு முதுகில் கூன் விழும், சினை விட்டதும் செத்துப்போகும். நீங்கள் போய் இறங்கும்போது பல ஓடைகளில் கரை ஒதுங்கிய மீனும் அதன் நாற்றமும்தான் இருக்கும். போட்டோவுக்கு அழகு, குழம்புக்கு ஆகாது.

அதனால் லீவை அப்படியே வைத்துக்கொண்டு மீனை மாற்றுங்கள். ஆகஸ்ட், வெள்ளி சால்மனின் மாதம். கோஹோ என்றும் சொல்வார்கள். உங்களை மாதிரிப் புதியவர்களுக்கு அதுவே நல்லது என்பேன். சிவப்பு சால்மன் கடலிலேயே பெரும்பாலும் பொடிப்பொடியான மிதவை உயிர்களைத் தின்று வளர்ந்தது, இரையைத் துரத்தி வருகிற பழக்கம் அதற்குக் கிடையாது. தூண்டில் முள்ளை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு அதன் வாய்க்குக் குறுக்கே கொண்டுபோகிற கலை அது, கை பழக நாளாகும். பழகாத கை சுண்டினால் முள் வாலிலோ வயிற்றிலோ மாட்டும், அங்கே வாய்க்கு வெளியே மாட்டிய மீனை உடனே விட்டுவிட வேண்டும், அது சட்டம். வெள்ளி அப்படியில்லை. கரண்டி மாதிரி மினுக்குகிற தூண்டில் தகட்டைத் தண்ணீரில் இழுத்தால் கோபத்தோடு வந்து கவ்வும், தண்ணீருக்கு மேலே துள்ளும், தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, கையை அறுக்கும். மூன்று நாள் நின்று ஒன்றும் மாட்டாமல் முகம் சுண்டிப்போகிற சங்கடம் அதில் குறைவு. ஒரே குறை, ஆகஸ்டில் அங்கே மழை அதிகம்.

கைடு சட்டப்படி கட்டாயமில்லை. உரிமம் கட்டாயம். வெளிமாநிலத்தவருக்கு 7 நாளுக்கு 45 டாலர். சால்மன்களிலேயே பெரியதான ராஜ சால்மன் பிடிக்க உரிமத்தோடு தனி முத்திரை வாங்க வேண்டும், உங்களுக்கு அது தேவைப்படாது. ரப்பர் படகில் ஆற்றோடு மிதந்துகொண்டே போகிற பயணம் ஒன்று உண்டு, வீடியோவில் பிரமாதமாக இருக்கும், நீங்கள் அதில் இறங்க வேண்டாம். ஒரே இடத்தில் கூடாரம் போடுங்கள், முதல் நாளுக்கு மட்டும் கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு, நாள், எத்தனை மீன் எடுக்கலாம் என்கிற விதிகள் சீசன் நடுவிலேயே அவசர ஆணையாக மாறும். கிளம்புகிற அன்று காலை மாநில மீன்வளத் துறையின் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

சொல்ல மறந்தேன், அந்த கோடிக்கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? குவிசாக், நாக்நெக் போன்ற ஆறுகளில் இரண்டு கரையிலும் கோபுரம் கட்டி, மேலே ஒருவர் நின்று மணிக்குப் பத்து நிமிடம் கண்ணால் பார்த்து மீனை எண்ணுகிறார். பிறகு அதை வைத்து அந்த மணி நேரத்தின் கணக்கைப் போடுகிறார்கள். மேலேறிப் போக வேண்டிய அளவு மீன் போகிறதா என்று பார்த்துத்தான் கடலில் வலை போட அனுமதி. அந்த எண்ணிக்கை சீசனில் தினமும் வெளியாகும்.

கேள்வி: மிதவை விமானத்தில் போகும்போது எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்? கரடிக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் அல்லது டில்லிங்ஹாம் ஊருக்கு சாதாரண விமானம். இரண்டு ஊருக்கும் ஆங்கரேஜிலிருந்து ரோடு கிடையாது. அங்கிருந்துதான் தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம். பெரும்பாலும் செஸ்னா, இல்லாவிட்டால் 1967-க்கு அப்புறம் தயாரிப்பே நிறுத்தப்பட்ட பீவர். வயதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பராமரிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் தராசில் உங்களையும் சேர்த்து நிறுத்துவார்கள். சக்கரம் வைத்த சூட்கேஸ் கூடவே கூடாது, அமுக்கினால் அமுங்குகிற பைதான் உள்ளே நுழையும். அடுப்பு கேஸையும் கரடி ஸ்பிரேயையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள், செக்-இன் பையிலும் கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள். குட்டி விமானத்தில் அந்த ஸ்பிரே பைலட் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது, வெளியே மிதவைப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதனால் கையில் வைத்திருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரடி இருக்கும். சால்மன் இருக்கிற இடத்துக்கு அதுவும் அதே வேலையாகத்தான் வருகிறது, நம்மைவிட அதற்கு அவசரம் அதிகம், ஏனென்றால் குளிர்காலம் முழுக்கப் படுக்கக் கொழுப்பு சேர்க்க வேண்டும். பேசிக்கொண்டே நடங்கள். கூடாரத்தைச் சுற்றி பேட்டரி மின்வேலி வாடகைக்குக் கிடைக்கும், எடுங்கள். சமையல் ஓரிடம், படுக்கை தள்ளி வேறிடம், சாப்பாடு கரடி திறக்க முடியாத டப்பாவில். மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுப் பின்வாங்குங்கள், மீனுக்காக மல்லுக்கட்டாதீர்கள். தண்ணீரில் மீன் துள்ளுகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டு மணி அடித்தது என்று கரடி கற்றுக்கொண்டால், உங்களுக்கு அடுத்து அங்கே வருகிறவன் பாடு திண்டாட்டம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விடுங்கள். ஒரு தடவை எங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் மூடுபனியால் இரண்டு நாள் வரவில்லை. மிச்சமிருந்தது அரை டப்பா அவலும் ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடியும். மூன்று வேளையும் மீன், நாலாவது வேளை யாரும் யாரோடும் பேசவில்லை. கொசுவலைத் தொப்பியும் மறக்காதீர்கள், கொசுவைவிடச் சின்னக் கருப்பு ஈதான் ரத்தம் வர வைக்கும்.

கேள்வி: யூகான் நதியில் 20 கிலோ ராஜ சால்மன் பிடிக்க வேண்டும் என்பது என் கனவு. எந்த மாதம் போகலாம்?

பதில்: இப்போதைக்கு எந்த மாதமும் இல்லை. கனடாவிலிருந்து அலாஸ்காவுக்கு ஓடிவருகிற அந்த நதியில் ராஜ சால்மன் எண்ணிக்கை சரிந்துபோய், 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழு வருடத்துக்கு அதைப் பிடிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. ஒரு தலைமுறை மீன் போய்த் திரும்பி வர ஏறக்குறைய அவ்வளவு காலமாகும். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள் மட்டுமல்ல, குளிர்காலத்துக்கு அந்த மீனைப் புகைபோட்டு வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட கரையோர மக்களே கை வைக்க முடியவில்லை. இதில் உங்கள் கனவு ஏழு வருடம் தள்ளிப்போவது பெரிய விஷயமில்லை என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

கேள்வி: அவ்வளவு செலவு முடியாது. காரிலேயே போய்ப் பிடிக்க வழி உண்டா? பிள்ளைகளும் வருவார்கள்.

பதில்: உண்டு. ஆங்கரேஜிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் கூப்பர் லேண்டிங். கீனாய் ஆற்றில் ரஷ்யன் ஆறு கலக்கும் இடம் அருகிலேயே. சிவப்பு மீன் அங்கே இரண்டு அலையாக வரும், ஜூனில் ஒன்று, ஜூலை நடுவிலிருந்து பெரியது. அக்கரைக்குப் போக, எஞ்சின் இல்லாமல் நீரோட்டமே தள்ளுகிற படகு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தனிமை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சனிக்கிழமையானால் ரேஷன் கடை வரிசை மாதிரி தோளோடு தோள் உரச நிற்பார்கள். பறந்து வரும் முள்ளுக்காகப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு 16 வயது ஆகும்வரை உரிமம் வேண்டாம்.

கேள்வி: பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? நம் ஊர் ‘இந்தியன் சால்மன்’ மாதிரியே சமைக்கலாமா?

பதில்: பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தம் வடிய விடுங்கள், ருசி பாதி அதில்தான். ஊரில் பதப்படுத்தும் கடையில் காற்று நீக்கி உறைய வைத்து மெழுகு அட்டைப்பெட்டியில் கட்டித் தருவார்கள், செக்-இன் சாமானாக ஏற்றலாம். உலர் பனிக்கட்டி ஆளுக்கு இரண்டரை கிலோ வரைதான், விமான நிறுவனத்திடம் முன்பே சொல்ல வேண்டும். பச்சையாகச் சாப்பிட ஆசையிருந்தால் முதலில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வையுங்கள், காட்டு சால்மனில் புழு சகஜம்.

நம் கடையில் அந்தப் பெயரில் விற்பது காலா மீன், சால்மனுக்குச் சொந்தமே இல்லை. அலாஸ்கா மீனில் கொழுப்பு அதிகம், அதனால் குழம்புக்கு எண்ணெயைப் பாதியாகக் குறைத்து, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, கொதி வந்த பிறகு மீனைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் உதிர்ந்துவிடும்.