சபையின் ஒற்றுமைக்காக நான் பேசாமல் இருக்க வேண்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள், வயது நாற்பத்தாறு. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் ஒரே தமிழ்ச் சபையில்தான் ஆராதித்து வருகிறது. எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதும், திருமணம் நடந்ததும், என் அப்பாவின் அடக்க ஆராதனை நடந்ததும் அங்கேதான். அந்தச் சபையைப் பற்றி வெளியே ஒருவருக்கு எழுதுவதே எனக்குத் துரோகம்போல் தோன்றுகிறது என்றாலும், எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து மதிய உணவு சாப்பிடுவது நெடுநாள் வழக்கம். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள் பலர் துவாஸ், கிராஞ்சிப் பக்கத்து விடுதிகளிலிருந்து எம்ஆர்டி ஏறி ஆராதனைக்கு வருவார்கள். அவர்களும் எங்களோடு அதே மேசைகளில் அமர்ந்து சாப்பிடுவார்கள். 2020 ஏப்ரலில் விடுதிகள் முடக்கப்பட்டு அவர்கள் அறைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, எங்கள் இளையர்கள் தினமும் தொலைபேசியில் அழைத்து அவர்களோடு ஜெபித்தார்கள். அவ்வளவு நெருக்கமாக இருந்த இடத்தில், சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் மூப்பர் ஒருவர், “கூடத்தில் இடம் நெருக்கமாக இருக்கிறது, தம்பிகளுக்குப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம், அவர்களுக்கும் சீக்கிரம் கிளம்ப வசதி” என்றார். செயற்குழு கூடி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அப்படியே நடக்கிறது. நாங்கள் குளிர்சாதனக் கூடத்துக்குள் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறோம். அவர்கள் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். கூடத்தில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன.

அவர்களில் ஒரு தம்பி என்னிடம், “அக்கா, நாங்கள் உள்ளே வந்தால் யாருக்காவது சங்கடமா? சொல்லிவிடுங்கள், நாங்கள் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் சாப்பிட்டுக்கொள்கிறோம்” என்றார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவரோடு வந்துகொண்டிருந்த சிலரை இப்போது காணவில்லை.

அந்த மூப்பர் கெட்டவர் அல்லர். இரத்த உறவு இல்லாவிட்டாலும் நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா மருத்துவமனையில் கிடந்த நாள்களில் ஒரு மாலைகூடத் தவறாமல் வந்து பார்த்தவர். அடக்கத்துக்கான எல்லாவற்றையும் தாமே முன்நின்று செய்தவர். அவர் முகத்தைப் பார்த்து இதை எப்படிக் கேட்பேன்? என் கணவர், “நீ வாயைத் திறந்தால் சபை இரண்டாகும், முன்பு ஒரு தகராறில் எத்தனை குடும்பங்கள் பிரிந்து போயின என்பதை மறந்துவிட்டாயா?” என்கிறார். ஜெபக்குழுத் தோழி ஒருத்தியோ, சபையின் வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவிடச் சொல்கிறாள். நீண்ட செய்தி ஒன்றை எழுதி, அனுப்பாமல் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் உறக்கம் வருவதில்லை. ஞாயிறு காலையில் வயிற்றைப் புரட்டுகிறது. என் மௌனம் பொறுமையா, கோழைத்தனமா? ஒற்றுமையைக் காக்க நான் பேசாமல் இருப்பதுதான் சரியா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிங்கப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் ஒற்றுமையும் மறுபக்கம் துணிவும் நிற்கின்றன; ஒன்றை எடுத்தால் மற்றொன்றை இழக்க நேரும் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள்: உங்கள் சபை ஞாயிறுதோறும் மதிய வேளையில் கூடத்துக்குள் ஒரு கூட்டமாகவும் வெளியே ஒரு கூட்டமாகவும் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் சத்தம் போடாமல் பொட்டலத்தை வாங்கிக்கொள்வதாலும், சிலர் சொல்லாமலே வராமல் நின்றுவிட்டதாலும், அந்தப் பிரிவு உள்ளே இருப்பவர்களுக்குப் பிரிவாகத் தெரியவில்லை. நீங்கள் பேசினால் பிரிவு புதிதாக உண்டாகாது. இருக்கிற பிரிவு எல்லார் கண்ணிலும் படும். அதனால் வரும் சங்கடம் உண்மையானதுதான், ஆனால் அதைச் சபை உடைவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஞானஸ்நானம், திருமணம், தகப்பனாரின் அடக்கம் எல்லாம் ஒரே இடத்தில் நடந்த ஒருவருக்கு, அந்த இடத்தின் மதிப்பை இழப்பது உறவையே இழப்பதற்குச் சமம். அதிலும் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள்போன்ற சிறிய சமூகத்தில், சபையில் பார்க்கிற முகங்களையே பள்ளியிலும் கல்யாண வீட்டிலும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய புகழ்பெற்ற சோதனைகள் உங்கள் நிலையை விளங்கிக்கொள்ள உதவும். சில கோடுகளில் எவை ஒரே நீளமுடையவை என்று சொல்வதுதான் வேலை. சரியான விடை கண்ணுக்கு எதிரே தெரிந்தும், அறையிலிருந்த மற்றவர்கள் அனைவரும் (அவர்கள் ஆஷின் ஆட்கள்) தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், இந்த இணக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூடத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களில் உங்களைப்போல் உள்ளுக்குள் வருந்துகிறவர்கள் இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வேதத்தை நன்கு அறிந்தவர் என்பதால், கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தோடு மீண்டும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தியோகியாவில் நடந்த சச்சரவும் சாப்பாட்டு மேசையைப் பற்றியதுதான். பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும், கடைசியில் பர்னபாவுங்கூட, விலகினார்கள். யோப்பாவில் தரிசனம் கண்டு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் துணிந்து நுழைந்த அதே பேதுரு! நல்லவர்கள், தெரிந்தவர்கள், முன்பு சரியாக நடந்தவர்கள்கூட, சங்கடத்துக்கு அஞ்சி மேசையைப் பிரித்துவிடலாம் என்பதை ஆதிச் சபை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவை நல்லவர் என்று நீங்கள் நம்புவதற்கும், அவர் செய்தது தவறு என்று சொல்வதற்கும் இடையே முரண்பாடு எதுவும் இல்லை.

பவுல் பேதுருவை எல்லார் முன்பாகவும் கண்டித்தாரே, அப்படியானால் தோழி சொல்வதுபோல் வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்பீர்கள். பவுல் செய்தது முகமுகமாய் நின்று செய்தது; பேதுரு அங்கேயே இருந்தார், அங்கேயே பதில் சொல்ல அவருக்கு வழி இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் அந்த வழி இல்லை. ஒருவர் நீண்ட செய்தி போடுவார், மூன்று பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறுவார்கள், மூப்பருக்கோ அவருடைய பிள்ளைகள் வழியாகச் செய்தி போய்ச் சேரும். வயதில் மூத்த ஒரு மனிதர் அப்படிக் கேள்விப்பட்டால், தவறைப் பற்றி யோசிக்காமல் தம் மானத்தைப் பற்றித்தான் யோசிப்பார். அந்தச் செய்தியை உங்களுக்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

இதில் உளவியல் அறிந்து வைத்திருக்கும் ஒன்றும் உண்டு. மரே போவன் என்ற மனநல மருத்துவர் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இருவருக்கிடையே இறுக்கம் கூடினால் அவர்கள் நேரே பேசிக்கொள்ளாமல் மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்து இறுக்கத்தைத் தணித்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். சபைகளும் குடும்பங்களைப் போலவே இவ்விதம் நடந்துகொள்கின்றன. நீங்கள் கணவரிடம் பேசியிருக்கிறீர்கள், தோழியிடம் பேசியிருக்கிறீர்கள், இப்போது என்னிடம் பேசுகிறீர்கள். இந்த ஏற்பாட்டைச் செய்த ஒருவரிடம் மட்டும் ஒருவருமே பேசவில்லை. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம், “நீயும் அவனும் தனித்திருக்கையில்” உணர்த்து என்று சொல்வது இதைத்தான்.

அவருக்கு நீங்கள் பட்ட நன்றிக்கடன் உங்கள் வாயைக் கட்டுவதாக எழுதுகிறீர்கள். எனக்கு அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. அப்பாவின் படுக்கையருகே நின்ற மனிதரிடம் இதைச் சொல்லும் உரிமை சபையில் யாரையும்விட உங்களுக்குத்தான் அதிகம். வேறொருவர் சொன்னால் எதிர்ப்பாகத் தெரிவது, மகள் முறையில் நீங்கள் சொன்னால் கவலையாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபை வளாகத்தில் வேண்டாம். வார நாளில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். “நீங்கள் செய்தது பாகுபாடு” என்று தொடங்காமல், நீங்கள் கண்டதையும் உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்: “சித்தப்பா, தம்பிகள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அப்பாவுக்கு நீங்கள் செய்ததை நினைத்தால், இது உங்கள் மனசு இல்லையென்றே தோன்றுகிறது. மறுபடியும் எல்லாரும் உள்ளே ஒன்றாகச் சாப்பிட வழி செய்வோமா?” இதைச் சொன்னபின் பேசாமல் இருங்கள், அவர் கோபப்பட்டாலும், சமாளித்தாலும், அவர் முடிக்கும்வரை கேளுங்கள். நமக்குத் தெரியாத காரணம் ஏதும் இருக்கலாம். இடத்தைப் பற்றி யாரோ அவரிடம் முறையிட்டிருக்கலாம். அதையும் கேட்டறிவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் பேசிய தம்பியின் பெயரை எந்தச் சூழலிலும் வெளியிடாதீர்கள், “தம்பிகளே வருத்தப்படுகிறார்கள்” என்று பொதுவாகச் சொல்வதற்கும் அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் தங்கும் உரிமை அவருடைய முதலாளியோடு கட்டப்பட்டது. யார் யாருக்குத் தெரிந்தவர் என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. உங்கள் துணிவுக்கான விலையை அவர் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. மேலும் அவர்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. சிலருக்குச் சீக்கிரம் கிளம்புவது நிஜமாகவே தேவையாக இருக்கலாம்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் இங்கே எனக்கு மிகவும் பயன்படுகிறது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் (உணவுப் பகிர்வில்) கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை ஒற்றுமையைக் குலைக்கிறவர்கள் என்று அதட்டவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்ததாகத் தெரிகிறது. உங்கள் மூப்பரிடம் நீங்கள் கேட்கக்கூடிய மிக நல்ல காரியமும் இதுவே: சமையலுக்கும் பரிமாறுதலுக்கும் பொறுப்பான குழுவில் அந்தத் தம்பிகளில் இருவரையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் அவர்களுக்குப் பதிலாகத் தீர்மானிக்க வேண்டியிராது. ஆஃபீர் ரோட்டில் 1888-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் கடல் கடந்து பிழைக்க வந்த தமிழர்களுக்காகக் கட்டப்பட்டது. சிங்கப்பூரின் பழைய தமிழ்ச் சபைகளின் முதல் தலைமுறை, இன்று படிக்கட்டில் உட்காருகிற இந்தத் தம்பிகளைப் போன்றவர்கள்தாம். இதை அவரிடம் நினைவூட்டலாம். உங்கள் தாத்தாவைப் பற்றிய பேச்சாகவே அது இயல்பாக வரும்.

அவர் மறுத்துவிட்டால்? வேதம் சொல்கிறபடியே, இருதரப்பும் மதிக்கிற ஒருவர் அல்லது இருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் போங்கள். அதற்கும் பயனில்லையென்றால் போதகரிடமும் செயற்குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள். நல்ல முடிவு வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. பேதுரு பவுலுக்கு என்ன பதில் சொன்னார் என்று கலாத்தியர் நிருபத்தில் இல்லை. பவுலும் பர்னபாவும் தங்கள் உடன் ஊழியர் மாற்குவின் விஷயத்தில் கடும் கருத்து வேறுபாடு கொண்டு வெவ்வேறு வழியாகப் போனார்கள். ஆனால் இரண்டாம் தீமோத்தேயுவில் அதே மாற்கு தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் எழுதுகிறார். உறவு சில காலம் கசந்துபோகலாம். கசப்பு நிரந்தரம் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். அந்த இடைக்காலத்தில், எவர் அனுமதியும் தேவைப்படாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது: உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவர்கள் சம்மதித்தால், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

கணவரின் எதிர்ப்பை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு குடும்பங்கள் பிரிந்ததைப் பார்த்த காயத்திலிருந்து அவர் பேசுகிறார். சித்தப்பா வீட்டுக்குப் போவதற்கு முன் இந்தத் திட்டத்தை அவரிடம் முழுவதும் சொல்லுங்கள். பொதுவில் எதுவும் எழுதப்போவதில்லை என்று தெரிந்தாலே அவருடைய அச்சத்தில் பாதி குறையும், அவரும் உங்களோடு வர முன்வரக்கூடும். உறக்கமின்மையும் வயிற்றுப் புரட்டலும் இந்தச் சந்திப்புக்குப் பிறகும் சில வாரங்கள் நீடித்தால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். மனப் பதற்றம் உடலில் தங்கிவிட்டால் அதற்குரிய சிகிச்சையும் ஆலோசனையும் அங்கிருந்தே கிடைக்கும். சந்திப்பு எப்படிப் போயிற்று என்பதை முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்