காம்பவுண்ட் வில்லின் பிடி: கைவலியும் இடம்வலமாகச் சிதறும் அம்புகளும்

கேள்வி: "மாமா கத்தாரில் இருந்து கொண்டு வந்து தந்த பழைய காம்பவுண்ட் வில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இழுவைப் பாரம் 50 இறாத்தல். 30 மீற்றரில் எய்து பழகுகிறேன். அம்புகள் உயரத்தில் ஓரளவு ஒன்றாகப் பட்டாலும் இடம்வலமாகச் சிதறுகின்றன. அரை மணி நேரத்தில் பெருவிரலின் அடி வலிக்கத் தொடங்குகிறது, உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது. இணையத்தில் விலை கூடிய மரப் பிடிகள் விற்கிறார்கள். ஒன்றை வாங்கி மாட்டினால் சரிவருமா அண்ணா?" திருக்கோவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, உயரம் சரியாக இருக்கிறது, இடம்வலம்தான் கெடுகிறது என்ற வரி. கை பிடியில் தவறாக அமர்ந்து, அம்பு புறப்படும் கணத்தில் வில் கொஞ்சம் முறுகுகிறது என்பதற்கு இது நன்கு தெரிந்த அடையாளம். பெருவிரல் வலியும் அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கை அமரும் இடத்தைத் திருத்தாமல் எந்தப் பிடியை மாட்டினாலும், அதிலும் அதே தவறான இடத்துக்குத்தான் கை போகும்.

காம்பவுண்ட் வில்லில் இது ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று முதலில் பார்ப்போம். வில்லின் இரு முனையிலும் உள்ள கேம் சக்கரங்கள், நாணை முழுதாக இழுத்ததும் பாரத்தைக் குறைத்துவிடும். இப்படிக் குறையும் பங்கை லெட்-ஆஃப் என்பார்கள். உங்கள் வில்லின் லெட்-ஆஃப் 80 சதவீதம் என்றால், முழு இழுவையில் நீங்கள் தாங்குவது 10 இறாத்தல் மட்டுமே. இழுக்கும் கையில் எவ்வளவோ, வில்லைத் தாங்கும் உள்ளங்கையிலும் அவ்வளவுதான் அழுத்தம். இதுவரை ஒலிம்பிக்கில் நாம் பார்த்த, கேம் இல்லாத ரீகேர்வ் வில்லில் அப்படியில்லை. 40 இறாத்தல் இழுத்தால் அந்த 40-உம் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே நிற்கும், அந்த அழுத்தமே கையை ஓரளவு ஒரே இடத்தில் இருத்திவிடும். 10 இறாத்தலுக்கு அந்தப் பலம் கிடையாது. விரல்கள் சற்று இறுகினாலே வில் திரும்பிவிடும். போதாததற்கு, அம்பின் வழியில் குறுக்கிடாதபடி கேபிள்களை ஒரு கம்பி பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் இழுத்த நிலையில் வில் தானாகவே கொஞ்சம் முறுகப் பார்க்கும்.

அம்பு புறப்படும் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு விலகினால், 30 மீற்றரில் அது 5 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். 50 மீற்றரில் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். சர்வதேசப் போட்டிகளில் காம்பவுண்ட் வில்லாளர்கள் 50 மீற்றரில், 80 சென்ரிமீற்றர் அகல இலக்கை நோக்கி எய்கிறார்கள். அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்ரிமீற்றர். ஆக, நட்டநடுவில் பட வேண்டிய அம்பு அந்தச் சின்ன விலகலால் எட்டுப் புள்ளிக்குப் போய்விடும். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் தடவையாகச் சேர்கிறது. அப்போது வீரர்களின் முகத்தை விட்டு, வில்லைத் தாங்கும் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள், நிறையப் படிக்கலாம்.

சரி, கை எங்கே அமர வேண்டும்? நீங்கள் வலது கையால் இழுப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். இடது உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே ஒரு சதை மேடு, அதைச் சுற்றி மணிக்கட்டை நோக்கி ஓடும் ஆயுள் ரேகை. வில்லின் அழுத்தம் முழுவதும் அந்த ரேகைக்குப் பெருவிரல் பக்கமாக, அந்த மேட்டில் மட்டும் விழ வேண்டும். பிடி ரேகையைத் தாண்டிச் சின்னவிரல் பக்கம் ஏறிவிட்டால் அழுத்தம் இரண்டு இடமாகப் பிரியும். ஒரு தடவை இந்தப் பக்கம் கூடும், அடுத்த தடவை அந்தப் பக்கம் கூடும், அம்பும் அதற்கேற்றபடி போகும். எய்தபின் நாண் முன்கையில் அடிக்கிறது என்றால், கை அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அம்பை நாணில் பூட்டிய பிறகு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டைப் பிடியின் மேல் வளைவில், அதாவது பிடி உள்ளே ஆழமாகக் குடைந்திருக்கும் இடத்தில், முதலில் வையுங்கள். பிறகு சதை மேட்டைக் கீழே இறக்கிப் பிடியின் முதுகில் சாயுங்கள். மற்ற விரல்களின் மொழிகள் (கணுக்கள்) வில்லுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நிற்க வேண்டும். நாணை ஓரிரு அங்குலம் மட்டும் இழுத்து, கை ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு முழுதாக இழுங்கள். பாரம் ஏறிய பின் கையை நகர்த்தித் திருத்துவது கூடாது. தவறு என்று பட்டால் மெதுவாக நாணை இறக்கிவிட்டு, ஆரம்பத்தில் இருந்து செய்யுங்கள். இதில் சோம்பல் பட்டால் பயிற்சியே வீண்.

விரல்கள் சும்மா தொங்க வேண்டும். நம் கரையில் வள்ளத்தைக் கடலுக்குத் தள்ளுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையின் அடியால்தான் தள்ளுவார்கள், விரலால் யாரும் வள்ளத்தைப் பற்றுவதில்லை. வில்லைத் தாங்குவதும் அப்படியே. விரல்களை மடக்கி இறுக்கினால் முறுகும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 'பிடிக்கவே கூடாது' என்று விரல்களை விறைப்பாக நீட்டி வைத்தாலும் கைத் தசைகள் இறுகத்தான் செய்கின்றன, வில் அப்போதும் திரும்பும். இந்த இரண்டாவது தவறைத்தான் ஓரளவு பழகியவர்களிடம் நான் கூடுதலாகக் காண்கிறேன்.

விரலைத் தளர்த்தினால் வில் விழுந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். அந்தப் பயத்தால்தான் அம்பு விடுபடும் கணத்தில் கை வில்லைப் பிடுங்கிப் பிடிக்கிறது. அதற்கு ஸ்லிங் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் வாங்க வேண்டும் என்றில்லை, பழைய சப்பாத்து லேஸ் ஒன்று போதும். இரு முனையிலும் சுருக்குப் போட்டு, ஒன்றைப் பெருவிரலிலும் மற்றதைச் சுட்டுவிரலிலோ நடுவிரலிலோ மாட்டி, வில்லுக்கு முன்பக்கமாகச் சுற்றி வரும்படி விடுங்கள். வில் முன்னால் பாய்ந்தாலும் லேஸ் தாங்கிக்கொள்ளும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் விரல்கள் தானாக அடங்கும்.

உங்கள் கை இப்போது என்ன செய்கிறது என்று அறிய வழிகள் உண்டு. பிடியில் கொஞ்சம் பவுடர் தடவி, வழக்கம்போல ஒரு அம்பு எய்து, உள்ளங்கையில் எங்கே வெள்ளை படிந்திருக்கிறது என்று பாருங்கள். ரேகைக்கு அப்பாலும் படிந்திருந்தால் விசயம் அங்கேதான். அப்புறம், அம்பு பூட்டி, இலக்கை நோக்கி முழுதாக இழுத்த நிலையில், தாங்கும் கையின் விரல்களை மெதுவாகத் தளர்த்துங்கள். குறிபார்க்கும் சைட்டின் முனை பக்கவாட்டில் நகர்ந்தால், அதுவரை அந்த முறுக்கை விரல்கள்தான் பிடித்து வைத்திருந்தன என்று அர்த்தம். தொலைபேசியை உங்களுக்குப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுத்தும் பார்க்கலாம். அம்பு போனதும், வில்லின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர் தடியின் நுனி ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் போகிறதா, மாறி மாறிப் போகிறதா என்று கவனியுங்கள். மாறி மாறிப் போனால் கை ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் அமர்கிறது. இந்தச் சோதனைகளில் எதற்காகவும் அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள், லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) பிளந்துவிடும்.

கை சரியாக அமர்ந்த பிறகும் சிதறினால், காற்றை முதலில் சந்தேகியுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் பின்னேரம் எய்து, பிடியைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் எய்து பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விசயம். வில் உங்களுக்கென்று அமைக்கப்பட்டது கிடையாது, வேறு யாருடைய கை நீளத்துக்கோ வைத்த இழுவை நீளம் (நாண் எவ்வளவு தூரம் பின்னால் வரும் என்ற அளவு) அதில் இருக்கலாம். இரு கைகளையும் விரித்து, விரல் நுனியில் இருந்து விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழுவை நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 66 அங்குலம் என்றால் 26.4 அங்குலம். வில் அதைவிட ஓர் அங்குலம் நீளமாக இருந்தாலே தாங்கும் கை முழங்கையில் பூட்டிக்கொள்ளும், தோள் உயரும், உள்ளங்கை தானாகவே பிடிக்குள் ஆழமாகப் போகும். இந்த நிலையில் எந்தப் பிடியாலும் பயனில்லை. கேமில் இழுவை நீளத்தை மாற்ற இடமிருக்கிறதா என்று, வில் பிரஸ் (லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரிடம் காட்டுங்கள்.

வலியைப் பற்றிச் சொல்கிறேன். பெருவிரல் மேட்டில் அழுத்தமும் மெல்லிய களைப்பும் வருவது இயல்பு, சில வாரங்களில் பழகிவிடும். கவட்டில் மட்டும் கூர்மையாக வலித்தால் மணிக்கட்டு மிக உயரமாக நிற்கிறது, அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய தோலில் விழுகிறது என்று பொருள். காம்பவுண்ட் வில்லில் தாங்கும் பாரம் குறைவென்பதால், சதை மேடு முழுதாகச் சாயும்படி மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்தி வைப்பது பலருக்கு ஒத்துவரும். ஆனால் தாழ்த்துவதோ உயர்த்துவதோ, தேர்ந்த ஒன்றையே எப்போதும் வையுங்கள். மாற்றி மாற்றி வைத்தால் இப்போது நன்றாக இருக்கும் உயரமும் கெடும். விரல்கள் விறைத்தாலோ, கூச்சமெடுத்தாலோ, மணிக்கட்டுக்குள் குத்தினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வியர்வை நம் கரைக்கே உரிய தொல்லை. ஈரக் கை ரப்பர் பிடியில் ஒரு தடவை வழுக்கும், அடுத்த தடவை ஒட்டிக்கொண்டு சரியான இடத்துக்கு நகராமல் நிற்கும். மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணியில் ஒரு துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அம்புக்கும் முன் கையையும் பிடியையும் துடையுங்கள். லேசாகப் பவுடரும் போடலாம். பட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் டேப்பைப் பிடியில் சுற்றுகிறார்கள், அதை நான் விரும்புவதில்லை. சுருள் சுருளாக மேடு விழும், கை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு மேட்டில் தட்டும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் மெல்லிய துணி டேப்பை மேலிருந்து கீழாக ஒரே அடுக்காக ஒட்டுங்கள். எய்து முடிந்ததும் பிடியின் ஆணிகளை உலர்த்தித் துடையுங்கள், கடற்காற்று அவற்றைச் சீக்கிரம் துருவேற்றும். மாரியில் மரப் பிடி ஈரத்தைக் குடித்து உப்பும் என்பதையும், நீங்கள் வாங்க நினைக்கும் பொருளைப் பற்றிய விசயமாகவே சொல்கிறேன்.

இவ்வளவும் செய்து, பவுடர் அடையாளம் தொடர்ந்து ஒரே இடத்தில் விழுந்து, அதன் பிறகும் பிடி உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். பார்க்க வேண்டியது பிடியின் முதுகு. உருண்ட முதுகில் கை உருளும், ஒடுங்கிய தட்டையான முதுகில் கை ஒரே கோணத்தில் அமரும். விரல்களுக்குப் பள்ளம் வைத்த அலங்காரப் பிடிகள் உங்கள் கையின் அளவுக்கு இருக்காது, தவிர்த்துவிடுங்கள். வாங்குவதற்கு முன், காசு செலவில்லாத ஒன்று செய்து பார்க்கலாம். பல வில்களில் பிடி ஒன்றிரண்டு சிறு ஆணிகளில்தான் நிற்கும், அலன் கீ ஒன்றால் கழற்றலாம். நாணையும் கேபிளையும் தொட வேண்டியதில்லை. கழற்றிவிட்டு, வெறும் ரைசரில் (வில்லின் நடு உடலில்) கையை வைத்துக் கிட்டத்தில், பெரிய இலக்கில் சில அம்புகள் எய்து பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது. ஓரங்கள் வெட்டினால் மட்டும் மெல்லிய பக்கத் தகடுகள் பூட்டினால் சரி.

பிடியின் தடிப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இழுவை நீளம் உங்கள் கைக்குக் கூடியதாகப் படும். 3 மில்லிமீற்றர் பிடியைக் கழற்றினால் நாண் முகத்தில் 3 மில்லிமீற்றர் பின்னால் வந்து நிற்கும், அம்பு படும் இடமும் மாறலாம். ஆகவே மாற்றிய அன்றைக்கே சைட்டைத் திருகத் தொடங்க வேண்டாம். சில நாள் 15 மீற்றரில் எய்து, அம்புகள் ஒரே இடத்தில் கூடத் தொடங்கிய பின் சைட்டை நகர்த்துங்கள்.