ஈரானுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவுரை: முகவர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: மீன்பிடிப் படகு வேலைக்காக ஈரான் செல்ல, என் தம்பி ஒரு முகவரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறான். ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் மறு அறிவிப்பு வரும்வரை செல்ல வேண்டாம் என்று 2024 ஏப்ரல் 12 அன்று வெளியுறவு அமைச்சகம் கூறியிருந்தது. “அது வெறும் அறிவுரை, தடையில்லை, விசாவும் வேண்டாம்” என்கிறார் முகவர். தம்பியை அனுப்பலாமா?
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இப்போது அனுப்பாதீர்கள். தடையில்லை என்று முகவர் சொல்வது சரிதான். ஏமனுக்குச் செல்ல 2017இல் விதிக்கப்பட்டது போன்ற சட்டத் தடை அல்ல இது. ஆனால் சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் ஈரானின் தூதரக வளாகம் ஏப்ரல் 1 அன்று, இஸ்ரேலால் என்று கருதப்படும் வகையில், தாக்கப்பட்ட பிறகு, அங்கு நிலவிய சூழலைக் கருதியே அமைச்சகம் இதை வெளியிட்டது. மறுநாளே 17 இந்தியர்கள் பணியாற்றிய சரக்குக் கப்பலை ஈரான் பிடித்தது. அன்றிரவு இஸ்ரேல்மீது முந்நூறுக்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஏவியது. அடுத்த நாள் நம் வெளியுறவு அமைச்சர் இரு நாட்டு அமைச்சர்களிடமும் பேசினார். எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதால்தான் இந்தியாவால் இருவரிடமும் பேச முடிகிறது. ஆனால் அந்தப் பேச்சின் பலன், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்தவருக்குத்தான் எளிதில் போய்ச் சேரும்.

விசா வேண்டாம் என்பதுதான் பெரிய பொறி. இந்தியர்களுக்கு ஈரான் 2024 பிப்ரவரி 4 முதல் அளித்த சலுகை, விமானத்தில் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு, அதிகபட்சம் 15 நாட்களுக்கு மட்டுமே இருந்தது. அதுவும் 2025 நவம்பர் 22 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. சலுகை இருந்தபோதுகூட, அதைக் கொண்டு படகில் ஏறியவர் பதினாறாம் நாளிலிருந்து அங்கே சட்டவிரோதமாகத் தங்கியவர்தான். அப்படித் தங்குபவரால், சம்பளம் தராவிட்டாலும் எளிதில் புகார் செய்ய முடியாது. போனபின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் விளக்கியாக வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது, வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்ப்பு தேவை என்று குறிக்கும் இ.சி.ஆர். பாஸ்போர்ட். அதை வைத்திருப்பவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் அப்போது ஒருமுறை சரிபார்க்கப்படும். அந்தப் பட்டியலில் ஈரானும் இல்லை, இஸ்ரேலும் இல்லை. ஆகவே அனுமதி கேட்கவில்லை என்பதைப் பாதுகாப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதிக்க ஆளே இல்லை என்பதுதான் அதன் பொருள். ராமநாதபுரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் நம் மீனவர்கள் எத்தனையோ ஆண்டுகளாக ஈரானுக்குப் போய்வருவது அரசுக்குத் தெரியாதா? தெரிந்தும் பட்டியலைத் திருத்தாமல், கடற்கரைக் கிராமங்களை எட்டாத ஆங்கில அறிவுரையை இணையதளத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியலில் இல்லாத நாட்டுக்கு ஆள் அனுப்பினாலும், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டதே அவரை யாரென்று காட்டிவிட்டது. ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல், பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அதுவரை தம்பியின் பாஸ்போர்ட் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். முகவரிடம் இருந்தால், முதலில் அதை வாங்கிவிடுங்கள்.